பயராபீஸ் வேனும் ரீஎன்ட்ரி விசாவும்

சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில் ஒரு கரிசக்காட்டு ஊர். சென்ற ஆண்டு அங்கே ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்துபோனவர் எழுபது வயது தாண்டிய அம்மா. ஐஸ் பெட்டி வந்து ஒன்றரை நாளாகியும் எடுக்கவில்லை. மூத்த மகள் ரியாத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மூதாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. “ரீஎன்ட்ரி அடிச்சுத் தாரேன்னு கஃபீல் சொல்லியிருக்காராம், காலையில தெரிஞ்சுரும்” என்று அவள் தம்பி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கஃபீல் என்றால் அவளை வேலைக்கு எடுத்த வீட்டுக்காரர்; ரீஎன்ட்ரி என்றால் ஊருக்குப் போய்த் திரும்பும் விசா. காலையில் தெரிந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை, பத்து நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். செல்போனை ஐஸ் பெட்டிக்கு நேரே பிடித்தார்கள். கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துக் காட்டினார்கள். பதினொரு மணிக்கு எடுத்துவிட்டோம்.

பந்தலில் ஒரு பெரியவர் சொன்னார்: “ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா டிக்கெட்டோட லீவு குடுக்கான்ல. இங்கனயே கெடந்தா பயராபீஸ்ல மருந்தோட மருந்தாக் கெடக்கணும். உசுரோட இருக்கால்ல, அது போதும்னு நெனைக்கணும்.” பட்டாசு ஆலையைத்தான் எங்கள் பக்கம் பயராபீஸ் என்போம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். துஷ்டி வீட்டில் மறுத்துப் பேசக் கூடாது என்று நானும் பேசாமல் இருந்தேன். அன்று பேசாததை இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பெரியவர் சொன்னது அவர் ஒருவருடைய பேச்சு இல்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கும் நோயாளி பார்க்கும் வேலைக்கும் போன பெண்களைப் பற்றி ஆண்களும் பெண்களும் ஏஜென்ட்டும் சொல்லும் பேச்சு அதுதான். ஊருக்கு வந்துபோவது வேலை கொடுத்தவர் மனமிரங்கிச் செய்யும் உபகாரம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் முணுமுணுக்கக் கூடாது. இந்த எண்ணம் முழுக்கத் தவறு என்று நினைக்கிறேன்.

அந்தப் பெரியவரை மட்டும் குறை சொல்வது நியாயமும் ஆகாது. பயராபீஸ் என்றால் என்ன என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் செத்தவர்கள் 38 பேருக்குக் குறையாது. உதவி செய்ய ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டியில் ஒன்பது பேர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் சிவகாசி அரசு மருத்துவமனை வாசலும் மதுரை பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டும் இருக்கின்றன. அந்த வாசல்களில் நின்றவருக்கு, மகளோ மருமகளோ வெடிமருந்து இல்லாத ஒரு வீட்டுக்குள், ஏசி அறையில், ஒரு கிழவியின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பது பெரிய நிம்மதியாகத்தான் தெரியும். அந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

பயராபீஸ் வேலைக்குப் போகிறவளின் ஒரு நாளைப் பாருங்கள். விடியும் முன்னே வேன் வரும். சரம் பின்னுவாள், குழாய்க்குள் திரி வைப்பாள், சக்கரம் சுற்றுவாள். சாயங்காலம் அதே வேன் அவளை ஊர் முக்கில் இறக்கிவிடும். முழங்கை வரை அலுமினியப் பொடி வெள்ளியாய் ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவி, பிள்ளையைக் கூப்பிட்டு, அடுப்பை மூட்டுவாள். பக்கத்துத் தெருவில் துஷ்டி என்றால் மறுநாள் வேலைக்குப் போக மாட்டாள்; அந்த நாள் கூலி போகும், அவ்வளவுதான். மாமியாருக்குக் காய்ச்சல் என்றாலும் மகள் சடங்கு என்றாலும் அப்படியே. அந்த வேலையில் சாவு பக்கத்திலேயே நிற்கிறது என்பது உண்மை. சாயங்காலம் வீட்டுக்கு வர அவள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்பதும் உண்மை. வேன் ஓட்டுகிறவர், வீட்டில் ஆள் இல்லை, இந்த மாதம் உன்னை இறக்கிவிட முடியாது என்று சொன்னால் ஊரே கல்லெடுக்கும்.

பெரியவரின் தராசில் ஒரு தட்டில் வெடிமருந்து இருக்கிறது, மறு தட்டில் சம்பளம் இருக்கிறது. சாயங்காலம் எந்தத் தட்டிலும் இல்லை. வெளிநாட்டுக்குப் போனவள் விட்டுக்கொடுத்தது அந்தச் சாயங்காலங்களைத்தான். இரண்டு வருடம் என்றால் எழுநூற்று முப்பது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு மாத லீவு. அதைக் கூலியின் பகுதியாகப் பார்க்காமல் கருணையாகப் பார்ப்பது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை. நம் ஊர்க்காரருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அவள் எங்கே மாட்டிக்கொள்கிறாள் என்பது ஊரில் பலருக்குச் சரியாகத் தெரியாது. சவுதியில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் லீவில் போய்த் திரும்ப எக்சிட் ரீஎன்ட்ரி விசா வேண்டும். இரண்டு மாதம் வரைக்கும் ஒருமுறை போய்வருகிற விசாவுக்கு 200 ரியால். அதற்குமேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். வீட்டு வேலைக்காரருக்கு அதை எடுத்துத் தருவது வீட்டுக்காரர். அரசாங்கத்தின் அப்ஷர் செயலியில் அவர் தம் கைப்பேசியிலிருந்தே எடுத்துவிடலாம். நின்ற இடத்தில் சில நிமிட வேலை. 2021 மார்ச் 14 முதல் சவுதி ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தது. தனியார் நிறுவனத் தொழிலாளர் முதலாளி சம்மதம் இல்லாமலே தாமே ரீஎன்ட்ரி எடுத்துக்கொள்ளலாம் என்றது. பலரும் பாராட்டினார்கள். வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர் எல்லோரும் அந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். அதாவது கம்பெனியில் வெல்டராக இருக்கும் தம்பி தன் அம்மா சாவுக்குத் தானே விசா எடுத்துக்கொண்டு வரலாம். அதே நகரத்தில் வேறொரு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்காள் வர முடியாது.

ரீஎன்ட்ரி கிடைக்காதவளுக்கு வேறென்ன வழி? பைனல் எக்சிட் கேட்கலாம். அதற்கும் அதே வீட்டுக்காரர்தான், கிடைத்தாலும் வேலை போய்விடும், வட்டிக்கு வாங்கிய பணம் மட்டும் மிஞ்சும். வீட்டைவிட்டு ஓடலாம். ஓடினால் ஹுரூப் போட்டுவிடுவார்கள். ஓடிப்போனவள் என்று பதிவாகிவிட்டால், பிடிபட்டதும் காவல், பிறகு நாடுகடத்தல். மூன்றாவது வழி பொறுத்துக்கொள்வது. நம் பெண்கள் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர் அதைப் பொறுமை என்று பாராட்டுகிறது.

“கையெழுத்துப் போட்டுத்தானே போனா?” என்பார்கள். சரி, கையெழுத்தையே எடுத்துக்கொள்வோம். கத்தாரின் 2017ஆம் ஆண்டு 15ஆம் எண் சட்டம் வீட்டு வேலைக்காரருக்கு ஆண்டுக்கு மூன்று வாரம் சம்பளத்தோடு லீவு தருகிறது. அமீரகத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 30 நாள் லீவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போகவர டிக்கெட்டும் தருகிறது. சவுதி விதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம். இவையெல்லாம் அந்தந்த நாடுகளே எழுதிக்கொண்டவை. அவள் கையெழுத்துப் போட்டது இவற்றுக்கும் சேர்த்துத்தான். லீவு காகிதத்தில் இருக்கிறது. அந்த லீவுக்கான கதவைத் திறக்கும் சாவி லீவு கொடுக்க வேண்டியவரின் சட்டைப்பையில் இருக்கிறது. கடன் வாங்கியவரிடமே கடன் பத்திரத்தையும் கொடுத்து வைத்த மாதிரி.

இதை மாற்ற முடியாது என்று சொல்கிறவர்கள் கத்தாரைப் பார்க்க வேண்டும். 2018இல் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு நாட்டை விட்டு வெளியேற முதலாளி தர வேண்டிய எக்சிட் பெர்மிட்டை நீக்கினார்கள். 2020 ஜனவரியில் வீட்டு வேலைக்காரருக்கும் நீக்கினார்கள். 72 மணி நேரத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் சொன்னால் போதும், அனுமதி வேண்டாம். இன்னும் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கிற வீடுகள் அங்கே உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே கிழவிகள் யாரும் பார்ப்பாரற்றுத் தெருவில் கிடக்கவில்லை. சவுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, லீவில் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களின் ரீஎன்ட்ரியை அரசாங்கமே கட்டணம் இல்லாமல் பலமுறை நீட்டித்தது. மேலேயிருந்து ஒரே உத்தரவில் நடந்தது. மனம் வைத்தால் முடியும் என்று காட்டியது அவர்களேதான்.

எல்லா வாதங்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றே ஒன்று: விட்டால் திரும்பி வர மாட்டாள். இதைத்தான் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்கிறவர் எல்லோரும் கெட்டவர் இல்லை. ஆளைக் கொண்டுவர வீட்டுக்காரர் பெரும் பணம் கட்டியிருக்கிறார். போனவள் வராவிட்டால் அந்தப் பணம் போயிற்று, படுக்கையில் இருப்பவருக்கும் கஷ்டம். ஆகவே அவர் கையில் ஒரு பிடி வேண்டாமா என்கிறார்கள்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதில்லை. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. அந்தச் சீமையிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விடுவோம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. கடன் தீராமல், துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. கட்டிப்போடாவிட்டால் கூலிகள் ஓடிவிடுவார்கள், போட்ட முதல் போய்விடும் என்பதுதான் அதற்கும் நியாயம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். தேயிலை அழியவில்லை. துண்டு போன பிறகும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள், ஏனென்றால் அவர்களை வரவைத்தது துண்டு இல்லை, ஊரில் இருந்த பசி.

ரியாத்துக்குப் போனவளும் அப்படித்தான். அவளைத் திரும்ப வரவைப்பது விசாவில் குத்தும் முத்திரை என்று நினைக்கிறவர் அவள் வீட்டுக் கணக்கைப் பார்க்காதவர். பாதியில் நிற்கும் வீடு, அடகுக் கடையில் இருக்கும் நகை, கல்லூரியில் படிக்கும் மகன். இத்தனையும் இருக்கிறவள் எதற்காக வராமல் இருக்கப் போகிறாள்? சம்பளம் ஒழுங்காக வந்திருந்தால், அடிபடாமல் இருந்திருந்தால், ராத்திரி ஆறு மணி நேரமாவது தூங்கியிருந்தால் வருவாள். வராமல் போகிறவள் அந்த வீட்டைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று அர்த்தம். போய்த் திரும்பாதவருக்குச் சவுதியில் மூன்று ஆண்டு நுழைவுத் தடை என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். எதனால் திரும்பவில்லை என்று வீட்டுக்காரரைக் கேட்கும் விதி எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. நல்ல வீட்டுக்காரருக்கு இந்தப் பிடி தேவையில்லை. கெட்ட வீட்டுக்காரர் கையில் இது இருக்கக் கூடாது. பிறகு யாருக்காக வைத்திருக்கிறார்கள்?

1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த சட்டம். முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் தம் விருப்பப்படி நடமாடும் உரிமையை இழந்தால் அது கொத்தடிமை முறை என்று அது சொல்கிறது. பட்டாசிலும் தீப்பெட்டியிலும் அட்வான்ஸ் வாங்காத குடும்பம் குறைவு. அட்வான்ஸ் பாக்கியைக் காட்டி ஒரு பெண்ணை ஆபீசுக்குள்ளேயே பூட்டி வைத்தால் வருவாய்க் கோட்டாட்சியர் வந்து மீட்டு விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். அதே பெண்ணை, அதே காரணத்தைச் சொல்லி, கடல் தாண்டி ஒரு வீட்டுக்குள் வைத்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விசா விதி.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டு வருடம் முன்பு என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு ஏஜென்சி மூலம் கடலாடிப் பக்கத்திலிருந்து ஓர் அக்காள் வந்து வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டார். நான்காவது மாதம் மகளுக்குச் சடங்கு, ஐந்து நாள் லீவு வேண்டும் என்றார். “அம்மாவ யாரு பாப்பா?” என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சடங்குக்கு முந்தின நாள் இரவு போய், மறுநாள் இரவே வந்துவிட்டார். தலையில் வைத்த பூவோடு வந்து அம்மாவின் டயப்பரை மாற்றினார். அவர் போயிருந்த அந்த ஒரு நாள் என் தங்கச்சியும் நானும் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று தெரியும். புரட்டுவது எப்படி என்று தெரியாது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று தெரியாது. விடிவதற்குள் இரண்டு பேரும் ஓய்ந்துபோனோம். பெற்ற தாயை இருபத்துநான்கு மணி நேரம் பார்க்க இரண்டு பிள்ளைகளால் முடியவில்லை. நான்கு மாதம் ஒரே ஆளாகப் பார்த்தவருக்கு ஐந்து நாள் கொடுக்க நான் யோசித்தேன்.

ரியாத்து வீட்டுக்காரர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே வாக்கியம். ஆகவே அவரை அரக்கன் என்று எழுத என் கை வராது. “அம்மாவ யாரு பாப்பா” என்பது உண்மையான கேள்வி. அதை அம்மாவின் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். அதன் பிறகு என் வீட்டில் மாதத்துக்கு மூன்று நாள் அந்த அக்காளுக்கு லீவு என்று வைத்தோம். அந்த மூன்று நாளும் தங்கச்சியும் நானும் முறை வைத்துப் பார்த்தோம். முடியாத மாதம் பகலுக்கு மட்டும் வேறு ஆள் வைத்தோம். அம்மா இறக்கும்வரை ஐந்து வருடம் அப்படி நடந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பதும் வளைகுடாவில் அவ்வளவு உண்மை இல்லை. அமீரகத்தில் தத்பீர் மையங்கள் மணிக்கணக்குக்கும் மாதக் கணக்குக்கும் ஆள் அனுப்புகின்றன. சவுதியிலும் மாத வாடகைக்கு ஆள் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. கிடைக்கவில்லை என்றால் அதற்குச் செலவழிக்க மனமில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

இனிமேல் சொல்வது நம் பக்கத்துக் குற்றம். இதைச் சொல்லாமல் விட்டால் பந்தலில் இருந்த பெரியவருக்கு நான் பாதி பதில்தான் சொன்னதாகும். அந்தப் பெண்ணை ஊருக்கு வராமல் தடுப்பதில் நம் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. “இந்த லீவுக்கு வராத, காங்கிரீட் போடணும், டிக்கெட் காசைச் சேத்து அனுப்பு” என்று சொல்லும் வீட்டார் இருக்கிறார்கள். வந்தால் கோடாலித் தைலம், டேங், பாதாம், செண்டு, சோப்பு என்று நாற்பது வீட்டுக்குப் பங்கு வைக்கும் அளவுக்குப் பெட்டி கட்டி வர வேண்டும். வெறுங்கையோடு வந்தாள் என்ற பேச்சுக்குப் பயந்தே ஒரு லீவைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். வந்த பிறகும் முதல் வாரம் விருந்து, இரண்டாம் வாரம் கடன் கேட்டு வருகிறவர்கள், மூன்றாம் வாரம் “எப்பப் போற?” பிள்ளை அவளிடம் ஒட்டத் தொடங்குவது அந்த மூன்றாம் வாரத்தில்தான். முகம் பார்த்துக்கொள்ளத்தான் வீடியோ கால் இருக்கிறதே என்கிறார்கள். சளி பிடித்த பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க எந்தக் கைப்பேசியிலும் வழியில்லை. சம்பளத்துக்காகத் தினமும் அதே காரியத்தை இன்னொரு வீட்டு ஆளுக்குச் செய்கிறவளிடம் இதைச் சொல்லித் தேற்ற நமக்கு வாய் வரக் கூடாது.

நம் அரசுகள் இதில் எங்கே நிற்கின்றன? போகும் வாசலில் மட்டும் நிற்கின்றன. பத்தாம் வகுப்பு தேறாத பெண் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டுமானால் முப்பது வயது முடிந்திருக்க வேண்டும். தனியார் ஏஜென்ட் மூலம் போக முடியாது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும். 2015இல் காட்பாடிப் பக்கத்துப் பெண் ஒருவர் ரியாத்தில் கையை இழந்து திரும்பிய பிறகு, பெண்களை அனுப்பவே கூடாது என்ற குரல் இங்கே பலமாக எழுந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வாசலைச் சாத்தினால் என்ன நடக்கும் என்று நம் ஊர் ஏஜென்ட்டைக் கேளுங்கள். விசிட் விசாவில் அனுப்புவார். அப்படிப் போனவளின் பெயர் எந்த அரசுப் பதிவிலும் வேலைக்காரியாக இல்லை. லீவில் வந்தால் திரும்பப் போகும்போது விமான நிலையத்தில் என்ன கேட்பார்களோ என்று பயந்து அவள் வராமலே இருக்கிறாள். காக்க வந்த விதி கடைசியில் அவளை அங்கேயே வைத்துப் பூட்டுகிறது. இலங்கையும் இதைச் செய்து பார்த்தது: 2013இல் ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள தாய்மார் போகக் கூடாது என்று விதி போட்டு, பின்னர் தளர்த்தியது.

பிலிப்பைன்ஸ் வேறு மாதிரி யோசித்தது. அங்கே லீவில் வந்து அதே வேலைக்குத் திரும்புகிறவருக்குத் தனிப் பெயரே உண்டு: பாலிக் மங்ககாவா, திரும்பும் தொழிலாளி. அவர்களுக்கென்று தனி நடைமுறை, இணையத்திலேயே பதிவு. திரும்பிப் போவது வேலையின் ஒரு பகுதி என்று அந்த அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஹாங்காங்கில் ஒப்பந்தம் முடித்துப் புது ஒப்பந்தம் போடும் பணிப்பெண் இடையில் ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது விதி. தள்ளிப்போட்டாலும் ஓராண்டுக்குள் போயாக வேண்டும். போகாதே என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவுக்குக் கையில் கருவியே இல்லை என்று சொல்ல முடியாது. சவுதியோடு வீட்டு வேலைக்காரர் ஒப்பந்தம் 2014 ஜனவரியிலேயே கையெழுத்தானது. குவைத்தோடு 2018இல். இனிக் கேட்க வேண்டியவை மூன்று: ரீஎன்ட்ரியை வேலை பார்ப்பவரே எடுத்துக்கொள்ளலாம்; பெற்றோர், கணவர், பிள்ளை இறப்பு என்றால் 24 மணி நேரத்தில் தானாகவே கிடைக்க வேண்டும்; லீவை விற்றுக் காசாக்குவது அவள் விருப்பமாக மட்டுமே இருக்க வேண்டும். இந்த மூன்று வரிகளை அந்த ஒப்பந்தங்களில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பாஸ்போர்ட்டுக்கோ கேட்கவே வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பாஸ்போர்ட்டும் எந்நேரமும் மத்திய அரசின் சொத்து. ஒரு வீட்டுக்காரர் நம் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டும்போது இந்திய அரசாங்கத்தின் சொத்தைப் பூட்டுகிறார். தூதரகம் அதைத் தன் சொத்தாக நினைத்துக் கேட்க வேண்டும். வீட்டு வேலைக்காரர் தம் பயண ஆவணங்களைத் தாமே வைத்திருக்க உரிமை உடையவர், லீவு நாளில் அந்த வீட்டில் இருக்கக் கட்டாயமில்லை என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை மாற்றப் புதிய வரைவை 2025இல் மக்கள் கருத்துக்கு வைத்தார்கள். இப்போது பேசாவிட்டால் இன்னொரு நாற்பது வருடம் பேச முடியாது.

அவசரம் ஏன் என்றால் காலம் முன்னோக்கித்தான் போகும் என்பதற்கு உறுதி இல்லை. 2025 ஜூலை 1 முதல் குவைத் தனியார் துறையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி ஒப்புதலோடு எக்சிட் பெர்மிட் வேண்டும் என்று புதிதாக விதி கொண்டுவந்திருக்கிறது. கத்தார் நீக்கியதைக் குவைத் கொண்டுவருகிறது. சும்மா இருந்தால் தம்பிகளுக்குக் கிடைத்ததும் போகும்.

அந்தத் துஷ்டி வீட்டு மகள் ஐந்து மாதம் கழித்து, ஒப்பந்தத்தின் இரண்டு வருடம் முடிந்த பிறகு வந்தாள். அறுபது நாள் ரீஎன்ட்ரி. முப்பத்தெட்டாம் நாளே கிளம்பிவிட்டாள்; அங்கே வைத்த மாற்று ஆள் நின்றுவிட்டாளாம், மூதாட்டி இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பயம் மட்டும் இல்லை, அந்தக் கிழவியின் மேல் ஒரு பாசமும் இருந்தது. சாத்தூர் போகும் பஸ்ஸுக்காக ஊர் முக்கில் பெட்டியோடு நின்றாள். பயராபீஸ் வேன் வந்து நின்றது. கையெல்லாம் வெள்ளியாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அலுமினியப் பொடி அவள் சேலையில் ஒட்டியது. அவள் தட்டிவிடவில்லை.

“அண்ணே, அடுத்த தடவை ரீஎன்ட்ரிய நானே அடிச்சுக்கிற முடியுமா?” என்று என்னைக் கேட்டாள்.

“கத்தாருன்னா யாரையும் கேக்காம வரலாம்மா. சவுதியில இன்னும் முடியாது” என்றேன்.

பஸ் வந்துவிட்டது.